மொட்டைப்பனைக் கிளிகள்: சாயல்குடி முதல் ராமேஸ்வரம் வரை நான்கு நாள்

பிப்ரவரி 26, வியாழன் – சாயல்குடி

ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்பது அத்தைக்குப் பல வருஷத்து ஆசை. மாமா இருக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாசி மாதம் எப்படியாவது கூட்டிப்போய்விடுவது என்று தூத்துக்குடியில் ஒரு வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று போய் ராத்திரிக்கு ராமநாதபுரத்தில் தங்குவதாகத் திட்டம்.

சாயல்குடி தாண்டி நாலு கிலோமீட்டரில் கார் நின்றுவிட்டது. கிளட்ச் தேய்ந்து தீர்ந்துபோயிருந்தது. வண்டி முதலாளிக்கு போன் செய்தால், "இப்ப நீங்க போட்டுருங்க சார், கணக்குல கழிச்சுக்கலாம்" என்றார். (கடைசி வரை கழிக்கவில்லை. 6,400 ரூபாய்.) ராமநாதபுரத்திலிருந்து சாமான் வர மறுநாள் மதியம் ஆகுமாம். மணி மூன்று. வெயில் தார்ச்சாலையில் கொதித்துக்கொண்டிருந்தது. நிழல் என்று பார்த்தால் உடைமரம்தான். குடையை விரித்துக் கவிழ்த்த மாதிரி மேலே தட்டையாக நிற்கும். பார்க்க அழகு. ஆனால் பொடி இலை, வெயில் சல்லடை போட்டு இறங்கும்.

சாலையிலிருந்து உள்ளே ஒரு விடிலியில் புகை வந்தது. பனை ஓலைக் கொட்டகை, உள்ளே பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ச்சிக்கொண்டிருந்த அக்கா எங்களை யார் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு, முதலில் தண்ணீர், அப்புறம் சுக்குக் காப்பி. காசு கொடுத்தால் வாங்கவில்லை. "காப்பிக்குப் போயி காசா? வேணும்னா கருப்பட்டி வாங்கிட்டுப் போங்க." கிலோ 350 ரூபாய். சிரட்டையில் ஊற்றி அப்போதுதான் கவிழ்த்திருந்தார்கள், அடிப்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அத்தை ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "சீனி கலக்கல" என்றார். கருப்பட்டி விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

ஐந்தரை மணிக்குத்தான் அந்தச் சத்தம். கீ, கீ, கீ என்று வடக்கே இருந்து கத்திக்கொண்டு ஒரு கூட்டம் பனைகளுக்கு நடுவே புகுந்து போனது. அம்பு மாதிரி நீட்டமான வால், வேகமான சிறகடிப்பு. நான் எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம். பத்து நிமிஷத்தில் எழுபது எண்பது கிளிகள் போயிருக்கும். வெயில் சாய்ந்து அடித்ததால் வயிற்றுப் பக்கம் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னியது.

அத்தை கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அவர் வீட்டில் பதினாலு வருஷம் ஒரு கிளி இருந்தது. 1989இல் வாங்கினார்கள். பேர் சரவணன். கிணற்றடியில் இரும்புக் கூண்டில் தொங்கும். நான் போனால் "யாரு, யாரு" என்று கேட்கும். அத்தனை வருஷம் கிளி வளர்த்தவர், ஒரு கூட்டம் கிளியை ஆகாயத்தில் சேர்ந்தாற்போல் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றார்.

பனையேறி அண்ணாச்சி அப்போதுதான் சாயந்தரப் பாளை சீவி முடித்து இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். "இதென்ன ஆத்தா, காலையில வாங்க. அந்த மொட்டைப்பனையில குஞ்சு பொரிச்சிருக்கு. பக்கத்துலயே பாக்கலாம்" என்றார்.

சாயல்குடியில் அறை 700 ரூபாய். மின்விசிறி மட்டும் சத்தமில்லாமல் சுற்றியது. ராத்திரி பரோட்டா. அத்தைக்கு இரண்டு இட்லி.

பிப்ரவரி 27, வெள்ளி – பனங்காடு, பிறகு கீழக்கரை

ஆட்டோவில் ஆறு மணிக்கே போய்விட்டோம். பனி இறங்கி மணல் ஈரமாக இருந்தது, கடல் பக்கமிருந்து மெல்லிய காற்று. அண்ணாச்சி ஓலைப் பட்டை மடித்துப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த ஓலை வாசனையோடு குடிக்கிறபோதுதான் அது பதநீர். தூத்துக்குடியில் பிளாஸ்டிக் டம்ளரில் குடிப்பது வேறு எதுவோ.

மொட்டைப்பனை வரப்போரமாக நின்றது. கொண்டை முறிந்து விழுந்து ஆறேழு வருஷம் ஆகிறதாம். கொண்டை போனால் பனை செத்தது. ஆனால் உடனே விழாது. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்து இரும்பாக நிற்கும், உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றுப்பகுதி மட்டும் மக்கிப்போகும். வெளியே சுவர், உள்ளே கூடம். மரங்கொத்தி முதலில் ஓட்டை போடும். அது போன பிறகு கிளி, மைனா, பனங்காடை, ஆந்தை என்று ஒவ்வொன்றாகக் குடி வரும். கிளி ஓட்டையை அலகால் சுரண்டிக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளுமே தவிர, குச்சியோ நாரோ கொண்டுவந்து கூடு கட்டுவதில்லை. மக்கின தூளின் மேலேயே முட்டையிடும்.

எங்கள் மரத்தில் இரண்டு ஓட்டை. மேலே மைனா. கீழே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில், கிளி. நாங்கள் இருபதடி தள்ளி ஓலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம்.

ஆறே முக்காலுக்கு ஆண் கிளி வந்தது. நேராக ஓட்டைக்குப் போகாமல் பக்கத்துப் பனை மட்டையில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தது. கூண்டுக் கிளியைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அதன் பச்சை எவ்வளவு துலக்கம் என்பதே ஆச்சரியமாக இருந்தது. மேல் அலகு பழுத்த கொவ்வைப்பழச் சிவப்பு. கீழ் அலகு கறுப்பு, தென்னாட்டுக் கிளிக்கு அப்படித்தான். தாடையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி, கன்னத்தை ஒட்டிக் கழுத்துக்குப் போகிறது. பிடரியில் ரோஜா நிறத்தில் ஆரம், அதற்கு மேலே ஊதா ஏறின நீலம் லேசாக. வாலின் நடு இறகு இரண்டும் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறிப் போகின்றன. கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையம். விழி வெளிறிய மஞ்சள்.

அது ஒரு குரல் கொடுத்ததும் ஓட்டையில் பெட்டையின் தலை தெரிந்தது. வெளியே வந்து மரத்தில் தொற்றிக்கொண்டது. கிளியின் கால் விரல் இரண்டு முன்னே, இரண்டு பின்னே. அலகை மரத்தில் மாட்டி, உடம்பை மேலே இழுத்து, அப்புறம் காலை எடுத்து வைத்து, மூன்று கால் உள்ள பிராணி மாதிரிதான் ஏறியது. ஆண் பக்கத்தில் வந்து அதன் அலகைத் தன் அலகால் கோத்துக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி, தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்ததை எடுத்து ஊட்டியது. ஊட்டும்போது அதன் கண்மணி புள்ளியாகச் சுருங்கியது, உடனே விரிந்தது. போன் கேமராவை முழுக்கப் பெரிதாக்கி இதைப் பார்த்தேன். கை நடுங்கியதில் படம் ஒன்றும் சரியாக வரவில்லை. அதில் வருத்தமில்லை.

"இதுக்கு ஆரம் இல்லையே?" என்றார் அத்தை, பெட்டையைக் காட்டி.

"அது பொட்டை ஆத்தா. ஆணுக்குத்தான் ஆரம். அதுவும் ரெண்டு மூணு வருசம் ஆகணும்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏய்யா, சரவணனுக்குக் கடைசி வரைக்கும் ஆரமே இல்லையே. அப்ப அது பொட்டையா?"

பதினாலு வருஷம். எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. பிடித்து விற்றவனுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணாச்சி கணக்குச் சொன்னார். தை நடுவில் முட்டை வைத்தது, மூன்று வாரத்துக்கு மேல் அடைகாத்தது, இப்போது குஞ்சு பொரித்து ஒரு வாரம். பெட்டைதான் அடையில் இருக்கும், அதற்கும் சேர்த்து ஆண் இரை கொண்டுவரும். பங்குனிக் கடைசியில் குஞ்சுகள் பறந்துவிடும். மரத்தில் காது வைத்தால் உள்ளே முனகுகிற சத்தம் கேட்கும் என்றார். வைக்கவில்லை. பெட்டை பயந்துவிடுமே.

ஏழரைக்குப் பனங்காடை ஒன்று வந்து ஓட்டை முன்னால் சிறகை விரித்து ஆர்ப்பாட்டம் செய்தது. நீலத்தில் அப்படியொரு நீலம். பேரிலேயே பனை இருக்கிறது, அதற்கும் இந்த மொட்டைப்பனைதான் வீடு. பெட்டைக் கிளி தலையை வெளியே நீட்டி அலகைத் திறந்து ஒரு கத்துக் கத்தியதும் பின்வாங்கிவிட்டது. ஆண் கிளி அப்போது எங்கேயோ.

மரத்தடியில் ஒரு வால் இறகு கிடந்தது. அத்தை எடுத்துக் கொடுத்தார். நிழலில் பார்த்தால் நீலப்பச்சை. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அந்த நீலம் போய் மங்கிவிட்டது. கிளி இறகில் பச்சைச் சாயம் என்று தனியாகக் கிடையாது. இருப்பது மஞ்சள் சாயம். அதுவும் கிளி இனத்தின் உடம்பு மட்டுமே தயாரிக்கிற சாயம். நீலம் சாயமே இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தெரிகிற நிறம். இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. இறகைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

கிளம்பும்போது பனையைப் பற்றிப் பேச்சு வந்தது. உயிருள்ள பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. செத்த பனையை யார் கவனிக்கிறார்கள்? செங்கல் சூளைக்காரர் வந்து இந்த மரத்துக்கு 800 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "வைகாசியில ஆளோட வர்றேன்னிருக்காரு" என்றார் அண்ணாச்சி. அவர் வீட்டுக்கு 800 ரூபாய் சின்னக் காசு இல்லை.

கார் தயாராகி நாலு மணிக்குப் புறப்பட்டோம். கீழக்கரை போய்ச் சேர்ந்தபோது நோன்பு திறக்கும் நேரம். நோன்பு மாதம் என்பதே எங்களுக்கு நினைவில்லை. டீக்கடை எல்லாம் மூடியிருக்க, பள்ளிவாசல் பக்கம் தூக்குவாளியோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "உள்ள வந்து உக்காருங்கம்மா, பாங்கு சொல்லப் போகுது, கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். அத்தை தயங்கி, "கறி போட்டதா?" என்று கேட்டார். பெரியவர் ஒரு பையனை அனுப்பி, கறி போடாத கஞ்சி எந்த வீட்டில் காய்ச்சியது என்று விசாரித்து, மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வரவழைத்தார். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் போட்டது. கூட ஒரு பருப்பு வடை. பாங்கு கேட்கும் வரை அத்தையும் கிண்ணத்தைத் தொடவில்லை. நோன்பு அவர்களுக்குத்தான், ஆனால் முன்னால் குடிக்க மனசு வரவில்லை என்றார் பிறகு.

தொதல் அரைக் கிலோ 220 ரூபாய். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டிக் கிண்டிக் கறுத்துப்போன அல்வா மாதிரி. காலையில் பார்த்த விடிலியின் வாசனை அதில் இருந்தது.

பிப்ரவரி 28, சனி – தேவிபட்டினம்

தேவிபட்டினத்தில் நவபாஷாணம் சுற்றினோம். கடலுக்குள் ஒன்பது கல், நடக்க மேடை கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கலங்கல், கூட்டம் அதிகம். அதைவிட எனக்கு அங்கிருந்து வடக்கே போன சாலைதான் நினைவில் நிற்கிறது.

இரண்டு பக்கமும் முண்டு மிளகாய். உருண்டையாக, பழுத்தால் சிவந்து தொங்கும் குட்டை ரகம். 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் சிவப்பு ஜமக்காளம் விரித்த மாதிரி காயப் போட்டிருந்தார்கள். வண்டிக் கண்ணாடியை இறக்கியதும் டிரைவர் தம்பி தும்ம ஆரம்பித்து ஐந்து நிமிஷம் நிறுத்தவில்லை.

ஒரு வயலில் தகர டப்பா சத்தம். பழம் பறிக்கும் அக்கா ஒரு கையில் பறித்துக்கொண்டே மறு கையில் குச்சியால் தகரத்தைத் தட்டினார். "கிளிக்குத்தான் தட்டுறேன். இங்க தட்டுனா அங்க போகும், அங்க தட்டுனா இங்க வரும். நாளைக்கு எனக்கே கை ஓஞ்சிரும், அதுக்கு ஓயாது."

வரப்பிலிருந்த சீமைக்கருவேல மரத்தில் ஒரு கிளி பழத்தோடு உட்கார்ந்திருந்தது. பிஞ்சுக் கையில் பண்டம் பிடிப்பது போல இடது காலால் மிளகாயைப் பிடித்துக்கொண்டு, அலகால் காம்பைக் கிள்ளிப் போட்டது. தோலைக் கீறி உள்ளே நாக்கை விட்டு விதையைத் துழாவியது. சதைப்பற்றான தடித்த கறுப்பு நாக்கு. தோலைப் பாதி தின்று, மீதியைக் கீழே விட்டுவிட்டு அடுத்த பழத்துக்குப் பறந்தது. பத்து நிமிஷத்தில் ஏழு பழம் பறித்து, இரண்டைத்தான் ஒழுங்காகத் தின்றது. அக்காவின் கோபம் நியாயமானது. தின்கிறதைவிட உதிர்க்கிறது அதிகம்.

காரம் அதற்கு உறைப்பதே இல்லை. காரம் நாக்கின் சுவை அல்ல, எரிச்சல். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணர்கிற நம் நரம்பைத் தூண்டிவிடுவதால் வாய் எரிகிறது. பறவைகளின் நரம்பு அதைக் கண்டுகொள்வதில்லை. விதையை மென்று அரைக்கும் எலி, அணிலை விரட்டிவிட்டு, விதையை முழுசாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவையை மட்டும் மிளகாய்ச் செடி வரவேற்கிறது என்று சொல்வார்கள். ஆனால் கிளி அந்தக் கணக்கிலும் சேராது. அது விதையையும் கடித்து நொறுக்கிவிடும். செடிக்கும் லாபமில்லை, அக்காவுக்கும் லாபமில்லை.

"இத்தனை நட்டம் பண்ணுதே, கண்ணி கிண்ணி வைக்கறதுண்டா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அது மீனாட்சி கையில இருக்கறதுல்ல?" என்றார் அவர். தகரம் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வத்தல் இரண்டு கிலோ வாங்கினோம், கிலோ 280.

மார்ச் 1, ஞாயிறு – ராமேஸ்வரம், மறுபடியும் பனங்காடு

அதிகாலை நாலரைக்கே அக்னி தீர்த்தத்தில் கூட்டம். அத்தை இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரும் தலையில் வாங்கிக்கொண்டு, ஈரச் சேலையோடு பிரகாரத்தில் நடுங்கிக்கொண்டே சிரித்தார். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு ருசி என்று அவர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. நானும் கை நீட்டி வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். கடலிலிருந்து நாலெட்டில் இருக்கும் கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர்.

வெளியே வந்து இட்லி சாப்பிடப் போகும் வழியில் ஒரு கிளி ஜோசியர். சின்ன மரக்கூண்டு, முன்னால் சீட்டுக் கட்டு. எங்களைக் கண்டதும் கூண்டின் கதவைத் தூக்கினார். கிளி நடந்து வந்து ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு, நெல்மணி வாங்கிக்கொண்டு, தானாகவே திரும்பிக் கூண்டுக்குள் போனது. இறக்கை கத்தரித்திருந்தது. வால் இறகு நுனி தேய்ந்து ஈர்க்குச்சியாகிவிட்டிருந்தது. முந்தாநாள் காலையில் அப்படியொரு வாலைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இதைப் பார்க்க முடியவில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். ஊர் முழுக்க வீட்டுத் தாழ்வாரங்களில் கூண்டு தொங்கும்போது நானும் அதை ஒரு சட்டமாக நினைத்ததில்லை. ஜோசியருக்கு எழுபது வயதிருக்கும், அப்பா காலத்துத் தொழில் என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தக் கிளி அங்கே இருக்கக் கூடாது. இரண்டும் எனக்கு ஒரே நேரத்தில் இருந்தது.

அத்தை சீட்டைப் படிக்க விடவில்லை. ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு, "இது பொட்டைதான?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாத்தா. எப்படித் தெரியும்?"

"ஆரம் இல்லையே" என்றார் அத்தை.

தனுஷ்கோடிக்கும் போனோம். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரும், இரண்டு பக்கக் கடலும். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அத்தை காரை விட்டு இறங்கவில்லை. அசதி என்று நினைத்தேன். "ஏய்யா, திரும்பிப் போகயில அந்தப் பனங்காட்டுல நிறுத்துவியா?" என்றார்.

சாயல்குடி வரும்போது ஐந்தே முக்கால். விடிலி அக்கா எங்களைப் பார்த்ததும் கட்டிலை இழுத்துப் போட்டார். அத்தை உட்காரவில்லை. முந்தியிலிருந்து எட்டு நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"சூளைக்காரன் குடுக்கறத நான் குடுத்துடறேன் தம்பி. மரம் நிக்கட்டும்."

அண்ணாச்சி ரூபாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "அப்ப இது ஒங்க மரம்" என்றார். உள்ளே போய் ஒரு சிப்பம் கருப்பட்டி கொண்டுவந்து காரில் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மூன்று பேரும் ஓலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு கிளிகள் கடந்து போயின. ஆண் கிளி வந்து ஊட்டிவிட்டுப் போனது. பெட்டை மரத்தில் தொற்றி, அலகை ஊன்றி, ஓட்டைக்குள் தலையை விட்டது. பச்சை உடம்பு உள்ளே போயிற்று. நீல வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் உள்ளே போனது.